பாலுச்சாமிக்குக் கிடைக்காத மண்டபம்

சிம்மக்கல்லில் சேர், பந்தல் வாடகைக்கு விடும் பாலுச்சாமி காலமானார் என்று நேற்று அவர் மகள் போனில் சொன்னபோது நான் அதிரவில்லை. இது இப்படித்தான் முடியும் என்று முதலிலேயே சொன்னவன் நான். எட்டாவதோடு படிப்பை விட்டாலும் என் கணிப்பு தப்பியதே இல்லை.

மதுரையில் அவருடைய சேரில் உட்காராத ஆளே கிடையாது. அவரை அந்தத் தொழிலுக்குக் கூட்டிவந்ததும் நான்தான். அவருடைய சாதியில் அந்தத் தெருவில் கடை போட்ட முதல் ஆள் அவர். அதனால் வியாபாரத்தை அப்படி நம்பினார். "சாதி பாத்தா யாவாரிக்குத்தான நட்டம்ணே? நட்டப்பட்டுக்கிட்டு எம்புட்டு நாளைக்கு நிப்பான்?" என்பார்.

மகளுக்குக் கல்யாணம் கூடியது. பரவைப் பக்கம் ஒரு மண்டபம். இருபது வருடமாக அதற்குச் சேர் போடுபவர் இவர்தான். மூன்று தேதிகள் கேட்டார். மூன்றும் காலியில்லை என்றார் மேனேஜர். அந்த மூன்று நாளுக்கும் இவருக்குச் சேர் ஆர்டரே வரவில்லை.

எதிரே புதிதாகத் திறந்த மண்டபத்துக்குப் போனோம். அந்த முதலாளி காபி கொடுத்து மரியாதையாகவே பேசினார். "எனக்கு ஒண்ணுமில்ல பாலுண்ணே. உங்களுக்குக் கொடுத்தா மத்தவுங்க வர மாட்டாங்க. நானும் யாவாரம் பாக்கணும்ல?"

பாலுச்சாமி காபியைக் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், மனு கொடுப்போம், சட்டம் எதற்கு இருக்கிறது என்றாள் மகள். கொடுத்தால் இருக்கிற ஆர்டரும் போய்விடும் என்று அவர் பயந்தார். நான் சும்மா இருப்பேனா? "பாலு, என் பேர்ல போட்ருவோம். என்னைய எவன் இல்லைங்கிறான் பாப்போம்" என்றேன். அவர் நிமிர்ந்து, "வாசல்ல எம் பேரு இல்லாம எம் மக உள்ள போக மாட்டாண்ணே" என்றார்.

கல்யாணம் தெருவில், தூறலில் நடந்தது. மறுநாளே அவர் பழைய மண்டபத்துக்குச் சேர் ஏற்றிப் போனார். வேறென்ன செய்வார்? நேற்று அந்த வாசலில் இறக்கிக்கொண்டிருக்கும்போதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம்.

அதற்கு முந்தியது எல்லாம் நான் கண்ணால் கண்டது. ஒன்றைத் தவிர. என் பேரில் போடலாம் என்று நான் சொல்லவில்லை. அவர்தான் கேட்டார், குரலே எழாமல். வீட்டில் கலந்துபேசிச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். அப்புறம் அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை. போய் வாருங்கள், பாலு.