நான்கு காலிக் கடிதங்கள்

மகளின் கடிதம் ஒரு திங்கட்கிழமை வந்தது. நீல நிற ஏர்மெயில் தாள். அமெரிக்கக் குளிர், அவளே வைத்த ரசம், பேராசிரியரின் முன்கோபம் என்று வழக்கம்போல் போய், கடைசி மடிப்பில் இப்படி எழுதியிருந்தாள்: "வயிற்றில் ஒரு கட்டி இருக்கிறதாம். அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன். எடுத்துப் பார்த்தால்தான் எந்த மாதிரிக் கட்டி என்று தெரியுமாம். பயப்படாதே அம்மா. முடிந்ததும் எழுதுகிறேன்."

மேலே தேதியைப் பார்த்தேன். எழுதிப் பதினான்கு நாள் ஆகியிருந்தது. அவள் சொன்ன வியாழக்கிழமை நான்கு நாள் முன்பே வந்து போய்விட்டது. அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். ராத்திரி புதுப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ரேடியோவில் பாட்டு ஓடியது, கூடவே முணுமுணுத்த நினைவும் இருக்கிறது. அந்த நேரத்தில் என் பெண்ணின் வயிற்றை யாரோ கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

என் கணவர் ஆலங்காயத்தில் தமிழ் ஆசிரியர். கடிதத்தை இரண்டு முறை படித்தார். "ஒண்ணும் ஆயிருக்காது" என்றார். மறுநாள் காலையிலேயே வாணியம்பாடிக்குப் போய்த் தந்தி கொடுத்துவிட்டு வந்தார். அவள் தங்கியிருந்த அறையில் தொலைபேசி கிடையாது. தந்தி பூட்டிய கதவுக்குத்தான் போய்ச் சேரும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

புதன்கிழமை நான் வேலைக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

மலைமேல் இருக்கும் விண்ணாய்வு நிலையத்தில் நான் டைப்பிஸ்ட். பன்னிரண்டு வருடமாகக் காலை பஸ்ஸில் ஏறி, சாயங்கால பஸ்ஸில் இறங்குகிறேன். அங்கே பகல்தான் ராத்திரி. இரவெல்லாம் வானத்தைப் பார்த்தவர்கள் பகலில் தூங்குவார்கள். வண்டிகள் ஹார்ன் அடிக்கக் கூடாது. என் டைப்ரைட்டருக்குக் கீழே கம்பளி மடித்துப் போட்டிருக்கும். அப்படியும் சத்தம் கேட்கிறது என்று என்னைக் கட்டடத்தின் கடைசி அறைக்குத் தள்ளிவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் அறை அதற்குப் பக்கத்தில். எண்பதுகளின் கடைசி இது. இரண்டு வருடம் முன்னால் அந்த இயந்திரம் வந்தபோது எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். நான் போகவில்லை. டைப்ரைட்டர் போதும் என்று இருந்தேன். தீபாவளிக்கு முன்னால் மகள் ஒரு கடிதத்தின் ஓரத்தில் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு வரி எழுதி, "இதை உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்காரரிடம் காட்டு. அதில் நீ அடித்தால் எனக்கு மறுநாளே வரும்" என்று சொல்லியிருந்தாள். அதையும் காட்டவில்லை. எனக்கு அந்த அறையைக் கண்டால் பயம். ஏதாவது ஒரு விசையைத் தப்பாக அழுத்திவிட்டு, மொத்த வேலையும் என்னால் நின்றுபோனால்?

அந்தப் புதன்கிழமைதான் கைப்பைக்குள் அந்த வரியைத் தேடி எடுத்தேன்.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்ட பொறியாளர் குடியாத்தத்துக்காரர், என் வயதுதான். இரவு வேலை முடித்துக் கண் சிவந்து, தூங்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். தாளை வாங்கிப் பார்த்தார்.

"இது மெயில் அட்ரஸ் மேடம். எப்ப வந்துச்சு?"

"தீபாவளிக்கு முன்னாடி சார்."

"இவ்ளோ நாளா இத்த பைக்குள்ள வெச்சிகினு, பதினஞ்சு நாள் ஆவற லெட்டருக்குக் காத்துகினு இருந்தீங்களா?"

ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. கழுத்தில் போட்டிருந்த மஃப்ளரை எடுத்துவிட்டு, மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பழைய காகிதத்தின் பின்பக்கம் ஆறு வரி எழுதினார். முதலில் என்ன அடிக்க வேண்டும், அட்ரஸ் எங்கே, தலைப்பு எங்கே. பிறகு கடிதம். கடிதம் முடிந்ததும் புது வரியில் ஒரு புள்ளி மட்டும் வைத்து என்டர் தட்ட வேண்டும். அவ்வளவுதான், அது போய்விடும்.

"ஒரு மணிக்கு மெஷின் தானா பெங்களூருக்கு லைன் போடும். அதுக்குள்ள அடிச்சி வெச்சிடுங்க. அங்கிருந்து ஊர் ஊரா தாவிப் போயிடும்."

"தப்பாயிட்டா?"

"ஒடைக்கவா போறீங்க? லெட்டர்தானே மேடம். நான் கொஞ்சம் படுக்குறேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். கருப்புத் திரையில் பச்சை எழுத்து. ஒரு சின்னக் கட்டம் நின்ற இடத்திலேயே மின்னி மின்னி அணைந்தது. படமில்லை, நிறமில்லை, எழுத்து மட்டும்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் தைரியம். எழுத்து எனக்குப் பழக்கம். அட்ரஸை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து அடித்தேன். தலைப்பு கேட்டது. "அம்மா" என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன்.

பிறகு, கை பழகியதைத் தானாகச் செய்தது. எந்தக் கடிதத்தையும் நான் பிள்ளையார் சுழி இல்லாமல் ஆரம்பித்ததில்லை. ஆங்கில டைப்ரைட்டரில் சுழி ஏது? அதனால் சொந்தக் கடிதம் அடிக்கும்போது தாளின் உச்சியில் ஒரு புள்ளி வைத்து, அதையே சுழியாக நினைத்துக்கொண்டு, அடுத்த வரிக்குப் போவேன். பன்னிரண்டு வருடப் பழக்கம். இங்கேயும் முதல் வரியில் ஒரு புள்ளி வைத்தேன். என்டர் தட்டினேன். "அன்புள்ள கண்ணுவுக்கு" என்று அடித்தேன்.

'அன்புள்ள' என்றொரு கட்டளை இல்லை என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னது இயந்திரம்.

எனக்கு வியர்த்துவிட்டது. அந்தக் குளிரூட்டிய அறையில். காகிதத்தைப் பார்த்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அட்ரஸ், தலைப்பு, புள்ளி. "எப்படி இருக்கிறாய்?" 'எப்படி' என்றும் கட்டளை இல்லையாம். இப்படி நான்கு தடவை. கடைசியில் புள்ளி வைத்தால் போய்விடும் என்று அவர் சொன்னது நினைவிருந்தது. ஆனால் நான் வைத்தது ஆரம்பத்தில் அல்லவா? கடிதமே இன்னும் தொடங்கவில்லையே. அது எப்படி முடிவாகும்?

அறை வாசலில் பெருக்குமாறோடு ஒரு குரல். நிலையத்தைக் கூட்டிப் பெருக்கும் பெண், பக்கத்து மலையூர்க்காரி.

"இன்னா டைப்பம்மா, செருப்ப வுட்டுட்டு பயபக்தியா குந்திகினு கீற? சாமி ரூமா அது?"

நான் திரும்பினேன். அவள் பெருக்குமாறைக் கீழே போட்டாள்.

"ஐய, இன்னாம்மா ஆச்சு? மூஞ்சி ஏன் இப்டி கீது?"

சொன்னேன். அவளுக்கு அமெரிக்காவும் தெரியாது, மெயிலும் தெரியாது. "போயி சார எழுப்பு" என்றாள்.

"தூங்கறாருடி. எழுப்பக் கூடாதுன்னு போர்டே மாட்டியிருக்கு."

"எனக்குப் படிக்கத் தெரியாது. எனக்கின்னா போர்டு?" என்று போய்விட்டாள்.

தூங்குகிறவர்களை எழுப்பினால் அங்கே வேலையே போய்விடும். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் தங்கும் விடுதிக்குப் போய், கதவைத் தட்டோ தட்டென்று தட்டியிருக்கிறாள். அவர் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றே கால்.

திரையைப் பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மேடம், நாலு காலி லெட்டர் போயிருக்கு. மேல 'அம்மா'ன்னு தலைப்பு. உள்ள ஒண்ணுமே இல்ல. ஏன் மொதல் வரியிலயே புள்ளி வெச்சீங்க?"

பிள்ளையார் சுழி என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்குத் தோணவே இல்ல. நானே சொல்லியிருக்கணும். புள்ளி தனியா ஒரு வரியில இருந்தா, அது மேலயா கீழயான்னு மெஷின் பாக்காது."

எனக்கு வேறொன்று உறைத்தது. எங்கள் பக்கத்தில் சுழி இல்லாமல் வரும் கடிதம் சாவுச் சேதிதான். ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கும் பெண்ணுக்கு, சுழியும் இல்லாமல் சொல்லும் இல்லாமல் நான்கு கடிதம் அனுப்பியிருக்கிறேன். வாய்விட்டு அழுதுவிட்டேன். பெருக்கும் பெண் என் முதுகில் கை வைத்து நின்றாள். அவர் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"புள்ளிக்கு பதிலா 'யூ' போடுங்க மேடம். 'உ'ன்னு நெனச்சிக்குங்க. பிள்ளையார் ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு. நாலு மணிக்கு நானே லைன் போடறேன்."

ஐந்தாவது கடிதம் அப்படித்தான் போனது. "எப்படி இருக்கிறாய், ஒரு வார்த்தை சொல், யாராவது சொல்லுங்கள்" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. கடைசி வாக்கியத்தை ஆங்கிலத்தில் அடித்தேன்.

வியாழக்கிழமை ஒன்றும் வரவில்லை. அன்று நான் தட்டச்சு செய்த அலுவலகக் கடிதத்தில் எத்தனை பிழை இருந்ததோ, யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு லைன் வந்து போனது. பொறியாளர் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். பிரின்டர் கரகரவென்று தலையை ஆட்டி ஆட்டி அடிக்கத் தொடங்கியது. அந்த வளாகத்தில் பகலில் அவ்வளவு சத்தம் நான் கேட்டதில்லை. அவர் நிறுத்தவும் இல்லை.

கடிதம் என் மகளிடமிருந்து இல்லை. அவளோடு ஒரே அறையில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண், வேறு ஏதோ நாட்டுக்காரி, ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். மகள் மருத்துவமனையில் இருக்கும்வரை அவளுடைய மெயிலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இவளுக்காம். "இந்தியாவிலிருந்து நான்கு கடிதங்கள் வெறுமையாக வந்தன. தலைப்பில் ஒரே சொல். மயக்கம் தெளியும்போது உங்கள் மகள் திரும்பத் திரும்பச் சொன்ன சொல் அதுதான். அங்கே யாரோ மிகவும் பாடுபடுகிறார்கள் என்று புரிந்தது. பார்வையாளர் நேரம் வரை காத்திருக்காமல் உடனே கிளம்பிப் போனேன். திரும்பியபோது உங்கள் ஐந்தாவது கடிதமும் வந்திருந்தது. கட்டியை எடுத்தாகிவிட்டது. அது கெட்ட கட்டி இல்லை. அவளால் இன்னும் உட்கார முடியவில்லை. கீழே இருப்பது அவள் எழுத்து எழுத்தாகச் சொல்ல நான் குறித்துக்கொண்டது. எனக்கு உங்கள் மொழி தெரியாது. தவறு இருந்தால் மன்னியுங்கள்."

அதற்குக் கீழே ஆங்கில எழுத்தில் மூன்று வரி தமிழ். சொல்லுக்குச் சொல் இடைவெளி எங்கே விட வேண்டும் என்று தெரியாமல் அடித்திருந்தாள்.

தரையில் உட்கார்ந்தேன். பெருக்கும் பெண் எட்டிப் பார்த்து, "இன்னா சொல்லுது?" என்றாள். "நல்லா இருக்காளாம்" என்றேன். "அத்த சொல்றதுக்கா இவ்ளோ காயிதம்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வாளியைத் தூக்கினாள்.

மகள் இப்போது நடமாடுகிறாள். படிப்பைத் தொடர்கிறாள். வாரம் ஒரு மெயில் போகிறது, ஒன்று வருகிறது. ஆனாலும் புள்ளி வைக்குமுன் இன்றும் கடிதத்தை இரண்டு தடவை படித்துப் பார்க்கிறேன். பெயர் மட்டுமே தெரிந்த அந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கு நன்றி எழுதினேன். தூக்கத்தை இரண்டு நாள் விட்ட மனிதருக்கும், எழுப்பக் கூடாத கதவைத் தட்டியவளுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அடுத்த வாரம் இருவருக்கும் அதிரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது காணாது என்று தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு மணி பஸ்ஸிலேயே மலையிறங்கிவிட்டேன். நேராகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். என் கணவர் ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். சாயங்காலம் வர வேண்டியவள் மத்தியானமே வகுப்பு வாசலில் நிற்கிறேன். என்னைப் பார்த்ததும் சாக்பீஸை மேஜைமேல் வைத்தார். மெல்ல நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் என்ன நினைத்துக்கொண்டார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஓடிப்போய்த் தாளை அவர் கையில் கொடுத்து, அந்த மூன்று வரியில் விரலை வைத்தேன்.

மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். இருபத்தைந்து வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், ஆங்கில எழுத்தில் ஒட்டியும் பிரிந்தும் கிடந்த அந்தத் தமிழை, மொத்த வகுப்பும் பார்த்துக்கொண்டிருக்க, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"அம்... மா... நா... ன்நல்... லா... இருக்... கேன். கஞ்சி... குடிச்... சேன். அப்பா... வை... சா... ப்பிட... சொல்லு."

திங்கட்கிழமையிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவளுக்கு யார் சொன்னது? "சார், யார் சார் எழுதினது?" என்று முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள். அவர் மறுபடி முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.