துளைக்குள் ஒரு மடிப்பு

ராடு உடைந்தபோது நான் அளவு பார்க்கும் மேசையில், எஃகு ராடுகளை நேராக்கும் பிரஸ்ஸுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தேன். காலைத் தேநீர் இடைவேளை முடிந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வெடி போட்டதைப் போல ஒரு சத்தம். அதன் பின்னாலேயே தகரச் சுவரில் எதுவோ மோதும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். பிரஸ்ஸின் முன்னால் அதை இயக்கும் ஊழியர் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார்.

ஓடினேன். ரத்தம் எங்கேயும் இல்லை. தலை, கழுத்து, தோள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"கதவச் சாத்தித்தான்க்கா வச்சிருந்தேன். கதவச் சாத்தித்தான் வச்சிருந்தேன்."

உண்மைதான். பிரஸ்ஸின் கம்பி வலைக் கதவு சாத்தியிருந்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு துண்டு அந்தக் கதவின் மேல் விளிம்பை நெளித்துவிட்டு, அவர் தலைக்கு மேலாகப் பறந்துபோய், பின்னால் இருந்த தகரத்தைக் கிழித்துக்கொண்டு நின்றது. அவர் உயரமானவர் இல்லை. அன்றைக்கு அதுதான் அவரைக் காப்பாற்றியது.

எங்கள் தொழிற்சாலை தீவின் மேற்கு ஓரத்துத் தொழிற்பேட்டையான துவாஸில் இருக்கிறது. பாறையில் துளை போடும் இயந்திரங்களுக்கான எஃகு ராடுகளைச் செய்கிறோம். ஒவ்வொன்றும் ஓர் ஆளைப் போல இரண்டு மடங்கு நீளம். உள்ளே முனைக்கு முனை ஒரு துளை, சுண்டுவிரல் மட்டுமே நுழையும். பாறையைக் குடையும்போது அந்தத் துளை வழியாகத் தண்ணீர் போய்க் கல்தூளை வெளியே தள்ளும். துளையுள்ள கம்பி வெளிநாட்டிலிருந்து கட்டுக்கட்டாக எங்களுக்கு வரும். நாங்கள் அதை அளவுக்கு அறுத்து, முனைகளில் மரை போட்டு, ஃபர்னஸில் வைத்துத் தோலைக் கடினமாக்குவோம். சூட்டில் ராடு லேசாக வளைந்துவிடும். அதைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தி நேராக்க வேண்டும். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த அந்த ஊழியர் ஆறு வருடமாக இதைத்தான் செய்துவந்தார். நான் தரப் பரிசோதகர். நான் கையெழுத்துப் போட்டால்தான் கம்பி உள்ளே வரும், ராடு வெளியே போகும்.

உற்பத்தி மேலாளர் வந்தார். என்னைப் போலவே இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். நெளிந்த கதவைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார்.

"ரொம்ப அழுத்திட்டாரு லா. வேற என்ன?"

"இல்ல சார்," என்றார் ஊழியர். காது அடைத்திருந்ததால் தேவைக்கு அதிகமாகக் கத்தினார். "எப்பவும் அழுத்துற மாதிரிதான் அழுத்தினேன். மீட்டரப் பாருங்க சார்."

மேலாளர் மீட்டரைப் பார்க்கவில்லை. அவரைக் கிளினிக்குக்கு அனுப்ப வண்டி ஏற்பாடு செய்யப் போய்விட்டார்.

நான் தகரத்தில் செருகியிருந்த துண்டை உருவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். புதிதாக உடைந்த எஃகு சாம்பல் நிறத்தில் சர்க்கரை மாதிரி மின்னும். இதிலும் பெரும்பகுதி அப்படித்தான் மின்னியது. ஆனால் நடுத்துளையின் ஓரத்தில் பிறை வடிவத்தில் ஒரு கறுப்பு. நகம் அளவு. அந்த இடம் இன்றைக்கு உடைந்ததில்லை. ஃபர்னஸுக்குள் போவதற்கு முன்பே திறந்திருந்து, சூட்டில் கறுத்துப்போன இடம்.

இந்தக் கம்பியைச் செய்யும் ஆலையில், துளையிட்ட எஃகுக் கட்டைக்குள் ஓர் உள்தண்டைச் செருகி, செக்கச்செவேல் என்று காய்ச்சி, உருட்டி நீளமாக்குவார்கள். பிறகு அந்த உள்தண்டை உருவி எடுப்பார்கள். உருவும்போது எங்காவது சிக்கினால் உள்சுவர் மடிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் நீண்ட வயரின் முனையில் சின்னக் கேமரா பொருத்தித் துளைக்குள் விட்டுப் பார்க்கிறோம். ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஐந்து கம்பிகளை மட்டும், இரண்டு முனைகளிலிருந்தும். பார்ப்பது என் வேலை.

ராடின் எண்ணைக் குறித்துக்கொண்டு கோப்பு அலமாரிக்குப் போனேன். அந்தக் கட்டின் தாளை எடுப்பதற்கு முன்பே அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கட்டைப் பார்த்த அன்று கேமராவின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. கையால் தட்டித் தட்டி இரண்டு கம்பிகளைப் பார்த்து முடித்தபோது கம்பெனி பஸ் கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது. அதை விட்டால் துவாஸிலிருந்து புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் என் வீட்டுக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். கம்பியோடு வந்த ஆலைச் சான்றிதழ் சுத்தமாக இருந்தது. ஐந்து கட்டங்களிலும் டிக் போட்டுக் கையெழுத்திட்டுவிட்டுப் போய்விட்டேன்.

தாளில் ஐந்து டிக்குகளும் ஒரே சாய்வில் வரிசையாக இருந்தன. கீழே என் கையெழுத்து.

அந்தக் கட்டிலிருந்து நாற்பத்தெட்டு ராடுகள் செய்திருந்தோம். பதினாறு எங்களிடம் இருந்தன, அதில் ஒன்று இப்போது உடைந்துவிட்டது. முப்பத்திரண்டு அன்று காலை எட்டு மணிக்கே சிறு கட்டுகளாக லாரியில் போய்விட்டன. தீவின் மேற்கே பாறைக்கு அடியில் குடைந்துகொண்டிருக்கும் ஒரு சுரங்கத்துக்கு. அங்கே ஆட்கள் தூக்குக் கூடையில் நின்றுகொண்டு, தலைக்கு மேலே இருக்கும் பாறையில் துளை போடுவார்கள். ராடுகளைக் கையால்தான் கோர்ப்பார்கள். ஒன்று பாதியில் முறிந்தால் கீழ்ப்பாதி நேராக அவர்கள் மேலேதான் வரும்.

மேலாளரிடம் துண்டைக் காட்டினேன்.

"ஒரு ராடுதானே," என்றார். "பாஸ் ஃப்ளைட்ல இருக்காரு. மூணு மணிக்கு இறங்குவாரு. கேட்டுட்டுச் செய்வோம்."

"மூணு மணிக்குள்ள அங்க போட்டுடுவாங்க."

"நீங்களா கூப்பிட்டு கேன்சல் பண்ணினா முழு லாட்டையும் ரிஜெக்ட் பண்ணிடுவாங்க. அடுத்த ஆர்டர் வராது. அப்புறம் யாரு பதில் சொல்றது? கொஞ்சம் யோசிங்க லா."

யோசித்தேன் என்று சொல்ல முடியாது. போன் ஏற்கெனவே கையில் இருந்தது. அந்தச் சுரங்கத்தின் பொறியாளர் தஞ்சாவூர்க்காரர். ராடு வாங்கும் விஷயமாக நாலைந்து முறை பேசியிருக்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பாறைக்கு அடியில் சிக்னல் கிடைக்காது. மறுபடி அடித்தேன். மூன்றாவது தடவை தளத்தின் அலுவலகத்துக்குப் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். காலையில் வந்த ராடுகளைத் தொட வேண்டாம், தொட்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் இரண்டு முறை சொன்னேன். அவசரமாகப் பேசியதில் அவளுக்கு முதலில் புரியவே இல்லை. பிறகு வாக்கிடாக்கியில் யாரையோ கூப்பிடுவது கேட்டது. தொடர்பு அறுந்தது.

நாற்பது நிமிடம். நான் எங்கேயும் உட்காரவில்லை. உடைந்த துண்டு என் கையிலேயே இருந்தது. விரலெல்லாம் எண்ணெயும் கரியும். மேலாளர் கண்ணாடி அறைக்குள் இருந்தபடி என்னைப் பார்ப்பதும் கணினியைப் பார்ப்பதுமாக இருந்தார். மற்ற இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. போன் ஒருமுறை அதிர்ந்தது. என் மகள், சாயங்காலம் ரொட்டி வாங்கி வரச் சொல்லியிருந்தாள்.

பிறகு பொறியாளர் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"அக்கா, சொல்லுங்க. என்ன பிரச்சனை?"

"உள்ளே மடிப்பு இருக்கலாம். இங்க ஒண்ணு உடஞ்சிடுச்சு. போட்டுட்டீங்களா?"

"ஒரு கட்டு பிரிச்சாச்சு. ரெண்டு ராடு மேல ஏறியிருக்கு, கூடையில ரெண்டு பேரு. நிறுத்திட்டேன். ஆனா ஒண்ணு துளைக்குள்ள இறுகிக் கிடக்கு, உருவணும்."

"அவங்கள முதல்ல இறக்குங்க."

"இறக்கிட்டேன்க்கா. மெஷின வச்சே உருவறோம். லைன்ல இருங்க."

இருந்தேன். இயந்திரத்தின் இரைச்சல், யாரோ வங்காள மொழியில் கத்துவது, தண்ணீர் கொட்டும் சத்தம். காதோடு போனை அழுத்திக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அவர், "வந்துடுச்சு. முழுசா வந்துடுச்சு," என்றார். கண்ணாடி அறையைப் பார்த்து மேலாளருக்குக் கையைக் காட்டினேன். அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மதியத்துக்கு மேல் முப்பத்திரண்டு ராடுகளும் திரும்பி வந்தன. பக்கத்துக் கம்பெனியிலிருந்து இரவல் வாங்கிய கேமராவோடு அவற்றையும் எங்களிடம் மிச்சமிருந்த பதினைந்தையும் நானே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மொத்தத்தில் நான்கில் மடிப்பு இருந்தது. மூன்று திரும்பி வந்தவற்றில், நான்காவது காலையில் உடைந்ததே. கூரைப் பாறையில் இறுகிக் கிடந்த ராடு சுத்தமாக இருந்தது. மடிப்பிருந்த மூன்றும் பிரிக்காத கட்டுகளில்தான் இருந்திருக்கின்றன. அவை உடைந்திருக்குமா, எப்போது உடைந்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. அன்று நான் ஐந்து கம்பிகளைப் பார்த்திருந்தாலும் அந்த நான்கில் ஒன்று கண்ணில் பட்டிருக்குமா என்பதும் தெரியாது. இந்த இரண்டாவது கேள்வியைச் சொல்லித்தான் என்னை நானே நிறையச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கேமராவைத் திருப்பி அனுப்பச் சொல்லி அலுவலகத்தில் கொடுக்கப் போனபோது மேலாளரின் மேசையில் விபத்து அறிக்கை இருந்தது. கிளினிக்கிலிருந்து வந்ததும் பிரஸ் ஊழியரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். 'அளவுக்கு மேல் அழுத்தியதால் ராடு உடைந்தது.' ஆங்கிலத்தில் அச்சடித்த வரி. அதன் கீழே அவருடைய பெயர், தமிழ் எழுத்தில்.

"இது சரியில்லையே," என்றேன். "அழுத்தினதால உடையல. கறுப்பு காட்டினேனே உங்ககிட்ட."

"அது மெட்டீரியல் ரிப்போர்ட். இது ஆக்சிடண்ட் ரிப்போர்ட். வேற வேற. மெட்டீரியல் எப்படி உள்ள வந்துச்சுன்னு கேட்டா உங்ககிட்டதான் வருவாங்க. வேணுமா?"

அவர் மிரட்டுவது போலச் சொல்லவில்லை. உதவி செய்பவரைப் போலத்தான் சொன்னார். நான் அறிக்கையை மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமையும் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. பிரஸ் ஊழியர் இரண்டு நாள் எம்சியில், அதாவது மருத்துவ விடுப்பில், இருந்தார். அவருடைய வேலை பெர்மிட் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியது என்று சாப்பாட்டு மேசையில் யாரோ சொன்னார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை காலை முதலாளி வெளியூரிலிருந்து திரும்பி வந்தார். சீனர், அதிகம் பேசாதவர். நான் கதவைத் தட்டி உள்ளே போய், கம்பிக் கட்டின் தாளை அவர் முன்னால் வைத்தேன். ஐந்தில் இரண்டைத்தான் பார்த்தேன் என்றேன். பிரஸ்ஸில் எந்தத் தப்பும் நடக்கவில்லை, மீட்டரின் பதிவைப் பாருங்கள் என்றேன்.

அவர் தாளிலிருந்த டிக்குகளை விரலால் எண்ணினார்.

"ஐந்து என்றால் ஐந்துதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆமாம்."

"போன் செய்தது நல்லது," என்றார். பிறகு, "இது நல்லதில்லை," என்று தாளைத் தொட்டார். மேலாளரைக் கூப்பிட்டு மீட்டரின் பதிவைக் கொண்டுவரச் சொன்னார். என்னை வெளியே போகச் சொன்னார். திங்கட்கிழமை எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்று மாதம் கையெழுத்துப் போடும் உரிமை இல்லை. விபத்து அறிக்கையை மாற்றி எழுதினார்கள்.

அதற்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமை, பிரஸ் ஊழியருக்கு போன் செய்தேன். தேக்காவில்தான் இருக்கிறேன், வாங்க என்றார். தமிழ் ஊழியர்கள் கூடும் சந்தைக்கு எதிரே, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில் நின்றிருந்தார். இடது காதில் பஞ்சு. பக்கத்துக் கடையில் இரண்டு தேநீர் வாங்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினோம். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் நன்றி சொல்வார் என்று எனக்குள் எங்கேயோ ஓர் எதிர்பார்ப்பு இருந்திருக்கிறது. அதை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

"அந்த ரிப்போர்ட்ல நான் கையெழுத்து போட்டது உங்களுக்கு என்னைக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"வியாழக்கிழமை. சாயங்காலம்."

"நேத்துதானே சொல்லியிருக்கீங்க."

"ஆமா."

"ரெண்டு நாளு, அக்கா. நம்ம கைதான் தப்பு பண்ணிடுச்சுன்னு நானே நம்பிட்டேன். வீட்டுக்குப் போன் போட்டு, திரும்பி வர வேண்டியிருக்கும்னு சொல்லிட்டேன். வீட்டுக்காரி அழுதுட்டா. அந்தச் சுரங்கத்துக்கு உடனே போன் போட்டீங்க. எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?"

"போட்டிருக்கணும்," என்றேன். அவர் தேநீரைக் குடித்து முடித்தார். குவளையைக் கசக்கித் தொட்டியில் போட்டார். "காது எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "விசில் மாதிரி கேக்குது. போயிடும்னாங்க," என்றார். நண்பர்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

பெர்மிட் புதுப்பித்தார்கள். இன்னும் ஒரு வருடம் அதே பிரஸ்ஸில் வேலை செய்தார். என்னோடு மரியாதையாகப் பேசினார், வேலைக்கு வேண்டிய அளவு. ஒரு தடவை நான் அவசரத்தில் ஒரு ராடைப் பார்க்காமல் அடுத்த மேசைக்குத் தள்ளப் போனபோது, அதை எடுத்து என் பக்கமே திருப்பி வைத்தார். பிறகு ஒரு கப்பல் பட்டறையில் வேலை கிடைத்துப் போனார். போகும் நாளில் எல்லாருக்கும் கை கொடுத்தார், எனக்கும் கொடுத்தார்.

முதலாளி புதுக் கேமரா வாங்கினார். இப்போது ஒவ்வொரு கட்டிலும் எல்லாக் கம்பிகளையும் பார்க்கிறோம். வாரத்தில் இரண்டு நாளாவது எனக்குக் கம்பெனி பஸ் தவறிவிடும். துவாஸிலிருந்து ரயிலேறி, மாறி, எல்ஆர்டி சிறுரயில் பிடித்து வீட்டுக்கு வந்து சேரும்போது மகள் சாப்பிட்டு முடித்திருப்பாள்.