முதுகுக்குப் போன மடிப்புகள்

இன்ச் டேப்பின் நுனித் தகரம் பிடரியில் பட்டால் சில்லென்று இருக்கும். அக்டோபர் மழை பிடித்துக்கொண்டு, எங்கள் தாம்பரத்து வீட்டுக்குள் காயாத துணிகளின் வாடையும் தையல் மெஷினுக்குப் போட்ட எண்ணெயின் வாடையும் கலந்து கிடக்கும் நாட்களில், அம்மா என்னை ஜன்னலோரம் நிறுத்தி, அந்தத் தகரத்தைப் பிடரியில் வைத்து அழுத்தி, இடுப்பு வரைக்கும் டேப்பை ஓடவிடுவாள். கிறிஸ்துமஸ் கவுனுக்கான அளவெடுப்பு அது. சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள், ஒரே அளவை இரண்டு முறை எடுத்துப் பார்க்காமல் விடமாட்டாள். நான் நெளிந்தால் “ஆடாத, அளவு ஓடிடும்” என்பாள்.

எனக்குப் பதினோரு வயதானபோது, வழக்கமான ஃப்ரில் கவுனை விட்டுவிட்டு “டிரேப் கவுன்” தைப்பதென்று முடிவு செய்தாள். ஸ்டேஷன் வாசலில் பழைய புத்தகம் விற்பவரிடம் வாங்கிய வெளிநாட்டுத் தையல் இதழ் ஒன்றில் அதன் “பேட்டர்ன்”, துணி வெட்டுவதற்கான அளவுப் படம், இருந்தது. கழுத்திலிருந்து நெஞ்சின் மேல் துணி தளர்ந்து, மடிப்பு மடிப்பாக விழும் கவுன் அது. நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போடும் பழுப்புத் தாளில் அம்மா அதை எனக்குத் தக்கபடி சின்னதாக்கி வரைந்தாள். பேட்டர்ன்களில் எப்போதும் பாதி உடம்புதான் இருக்கும். துணியை இரண்டாக மடித்து, மடிப்போரத்தில் தாளை வைத்துக் குண்டூசி குத்தி வெட்டினால், விரிக்கும்போது மறுபாதி தானாக வந்துவிடும். மனிதருக்கு இடமும் வலமும் ஒன்றுபோல இருக்கும் என்று நம்பி வரைந்தவை அவை.

அந்த வருஷம் என் முதுகை அளந்துகொண்டிருந்த அம்மாவின் கை நடுவில் நின்றது. முதலில் அளந்தாள், மறுபடி அளந்தாள். இடது தோளிலிருந்து ஓர் அளவு, வலது தோளிலிருந்து இன்னோர் அளவு. “கூன் போடாத, நேரா நில்லு” என்று முதுகில் ஒரு தட்டு தட்டினாள். நான் நேராகத்தான் நின்றுகொண்டிருந்தேன். மூன்றாம் முறை அளந்த பிறகு டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

மறுநாள் அவள் துணியை மடிக்கவே இல்லை. வாடாமல்லி நிற ஜார்ஜெட்டைத் தரை முழுக்க விரித்து, தாளை ஒரு பக்கம் வைத்து வெட்டி, பிறகு திருப்பி வைத்து மறுபக்கத்தைச் சாக்பீஸால் தனியாக அகட்டி வரைந்து வெட்டினாள். கேட்டதற்கு, ஜார்ஜெட் வழுக்கும், மடித்தால் கோணலாகப் போய்விடும் என்றாள். நம்பினேன். அதைவிட வேடிக்கை, இதழில் நெஞ்சின் மேல் இருந்த மடிப்புகளை முதுகுக்குக் கொண்டுபோனது. முன்பக்கம் மொட்டையாக, பின்பக்கம் தோளிலிருந்து இடுப்பு வரை அலையலையாக இறங்கியது என் கவுன். கண்ணாடியில் எனக்கு அது தெரியவே இல்லை என்று அழுதேன்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் எங்களுக்குப் பின்வரிசையில் இருந்த பெண்களுக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஆராதனை முடிந்ததும் அம்மாவைச் சூழ்ந்துகொண்டு, எந்தக் கடையில் எடுத்தது, இதுதான் இப்போது புது மாடலா என்று விசாரித்தார்கள். ஒருத்தர் மடிப்பைத் தூக்கிப் பார்க்கக் கை நீட்ட, அம்மா சிரித்துக்கொண்டே என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பெருமையில் அணைக்கிறாள் என்று நினைத்துப் பூரித்துப் போனேன். அடுத்த வருஷமும் அதே பேட்டர்ன்தான், சற்றுப் பெரிதாக, இன்னும் இரண்டு மடிப்புகள் கூட்டி.

அம்மாவின் பயத்துக்கு ஒரு பெயர் இருந்தது: எஸ்தர் பெரியம்மா. அம்மாவின் அக்கா. அவர்கள் ஊரான முடிச்சூரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு, “கூனி” என்றால்தான் தெரியும். கல்யாணமே ஆகாமல், சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களிலெல்லாம் அடுப்படியில் வெங்காயம் உரித்தே காலத்தைக் கழித்து, நாற்பது தாண்டுமுன் செத்துப்போனார். குடும்பப் படங்களில் அவர் எப்போதும் யாருக்காவது பின்னால் நிற்பார். அந்தப் பேர் எனக்கும் வந்துவிடக் கூடாதென்று அம்மா தினமும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினாள். டாக்டரிடம் மட்டும் கூட்டிப்போகவில்லை.

ஒன்பதாம் வகுப்புக்குப் புதுப் பள்ளி. யூனிஃபார்மை அங்கேயே ஒரு டெய்லர் மொத்தமாகத் தைத்துக் கொடுத்தார். முதல் நாளே சட்டை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் தொங்கியது. பி.டி. டீச்சர் என்னைத் தனியே அழைத்து, குனிந்து காலைத் தொடச் சொல்லி முதுகைப் பார்த்தார். அன்று மாலையே அப்பாவுக்கு போன் போயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் முதுகெலும்பின் மேல் விரலை வைத்துக் கீழே இறக்கினார். விரல் நேராகப் போகாமல் வளைந்து போவதை என்னாலேயே உணர முடிந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பெல்ட் போட்டிருந்தால் இவ்வளவு வளையாமல் நிறுத்தியிருக்கலாம், இப்போது பெல்ட்டுக்கு அடங்காது, ஆபரேஷன்தான் என்றார். எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டார்.

“இப்பதான் சார், ஸ்கூல்ல சொல்லித்தான் தெரியும்” என்றார் அப்பா.

அம்மா மடியில் இருந்த கைப்பையைப் பார்த்தபடி சொன்னாள்: “எனக்கு ரெண்டு வருஷமா தெரியும் டாக்டர். அதுக்குத் தகுந்த மாதிரிதான் வெட்டித் தெச்சிட்டு இருந்தேன்.”

அன்றிலிருந்து அப்பா அவளிடம் அளந்துதான் பேசினார். எனக்கு முதுகில் இரண்டு கம்பிகளும் ஒரு வரிசைத் திருகுகளும் வைத்தார்கள். வலி தெரிந்த ஒவ்வொரு நாளும் அம்மாவை வெறுத்தேன், அதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது தையல் மெஷின் இருந்த மூலை காலியாக இருந்தது.

கல்யாணப் பேச்சு வந்தபோது, முதுகில் கம்பி இருப்பதை மறைக்கக் கூடாதென்று நானே பெண் பார்க்க வந்தவரிடம் அம்மாவை வைத்துக்கொண்டே சொன்னேன். அவர் “அதுக்கென்ன” என்றார். அவ்வளவுதான். “கூனி” என்ற ஒரு சொல்லுக்குப் பயந்துதான் இரண்டு வருஷம் போனது. அம்மா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடும் சத்தம் கேட்டது.

இப்போது ஸ்டேஷன் வாசலில் பழைய புத்தகக் கடை இல்லை. ஜார்ஜெட் வாங்கிய ஜவுளிக்கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். அப்பாவும் இல்லை. எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் தைத்த கவுன் போட்டு வரும் பிள்ளை ஒன்றைக்கூட நான் பார்த்துப் பல வருஷமாகிறது. அம்மா எங்களோடு நாவலூரில் இருக்கிறாள். கம்பி வைத்த முதுகு குனியாது, ஆகவே காலையில் ஆபீஸ் கிளம்பும்போது என் செருப்பு வாரை அவள்தான் மாட்டிவிடுவாள். வயதான முழங்காலை ஊன்றித் தரையில் உட்கார்ந்து, தலை நிமிராமல் தினமும் கேட்பாள்: “இன்னிக்கு வலி இருக்கா?”

“இல்லம்மா” என்பேன். அவள் நம்புவதில்லை. வாரை இன்னும் ஒரு துளை தளர்த்திவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்துகொள்வாள்.