காத்தாடி நின்ற காலையில் காற்று நிற்கவில்லை

மலையிலிருந்து இறங்கி நடந்துகொண்டிருந்தேன். வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பத் துப்ப மறுபடியும் ஊறியது. மேலேயிருந்து அண்ணாச்சியின் சத்தம் இன்னும் கேட்டது.

"போலே! இனி இந்த மலைல ஒன் காலு பட்டா வெட்டிப் போட்டுருவேன்!"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. வேலையை விட்டுப் போவது எனக்குப் பழக்கம். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து கருங்கல் சந்தையில் சுமை தூக்கினேன், மயிலாடியில் கல் பட்டறையில் தூசி தின்றேன். எங்கேயும் நிலைத்ததில்லை. ஆனால் அடி வாங்கிக்கொண்டு போனது அதுதான் முதல் தடவை.

அன்பு மக்களே, நாம் கூடி அய்யாவைக் கும்பிடுகிற தாங்கலில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன். அய்யா எனக்குச் செய்ததை நான் மறைத்து வைக்கக் கூடாது.

அண்ணாச்சி ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு மலைச்சரிவில் பாராகிளைடிங் நடத்தினார். வருகிறவர்களைத் துணிச்சிறகில் கட்டிக்கொண்டு பறப்பவன் சேவியர். கடற்கரை ஊர்க்காரன், என் வயதுதான். சிறகை விரித்துப் போடுவதும் காற்று பார்ப்பதும் என் வேலை.

எங்கள் சரிவு கிழக்கு பார்த்தது. கணவாயில் மேற்கேயிருந்து மேல்காற்று எழுந்தால் மலை அதை மறைத்துவிடும். சரிவில் நிற்கிறவனுக்கு இதமாகத்தான் இருக்கும். தலைக்கு மேலே அந்தக் காற்று மலையைத் தாண்டி விழுந்து, அருவித் தண்ணீர் பாறையில் விழுந்து புரளுவதுபோலப் புரளும். சிறகு அதில் மாட்டினால் காகிதமாய்க் கசங்கும். அதனால் நாங்கள் கணவாயில் நிற்கும் காற்றாலைகளைத்தான் பார்ப்போம். எங்கள் ஊரில் அவற்றுக்குக் காத்தாடி என்று பெயர். காத்தாடி வேகமாகச் சுற்றினால் பறப்பு கிடையாது.

சில நாட்களாக அவை வெறி பிடித்தது போலச் சுற்றின. வந்தவர்களையெல்லாம் நான் திருப்பி அனுப்பினேன். அன்று காலையிலும் அனுப்பினேன். அண்ணாச்சி என் சட்டையைப் பிடித்தார்.

"காத்த நீயாலே படச்ச?"

கேட்டுக்கொண்டே முகத்தில் குத்தினார். விழுந்தவனை மிதித்தார். என் போனைப் பாறையில் அடித்தார். சேவியர் குறுக்கே விழுந்து, "விடுங்க அண்ணாச்சி, செத்துருவான்" என்று கத்தினான். அவன் தடுத்திருக்காவிட்டால் நான் எழுந்திருக்க மாட்டேன்.

மலையின் தோளைச் சுற்றிக் கணவாய்ப் பக்கம் இறங்கினால் ஒரு நிழல் தாங்கல் உண்டு. உள்ளே போனேன். துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். சிலைக்குப் பதிலாக எல்லோரும் கும்பிடுகிற அந்தக் கண்ணாடியில் என் முகம் உடைந்து கிடந்தது. ஒரு கண் மூடிவிட்டது. எனக்கு யாருமில்லை என்று அன்றுதான் தோன்றியது. அழுதேன்.

"அய்யா, என்னை அடிச்ச அந்தக் கை ஒடியணும்" என்று வேண்டினேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

வெளியே வந்து சுவர் மறைவில் நின்றபோது காத்தாடிகள் எல்லாம் நின்றிருந்தன. ஒன்றுகூட அசையவில்லை. காற்று செத்துவிட்டது, நான்தான் முட்டாள் என்று நினைத்தேன். காதில் கேட்ட இரைச்சலை அடிபட்டதால் வந்தது என்று எண்ணியிருந்தேன். அப்போது தலைக்கு மேலே துணி அடிக்கிற சத்தம். நிமிர்ந்தேன். தாங்கலின் காவிக்கொடி கிழக்கே விறைத்து, கம்பையே வளைத்துக்கொண்டு நின்றது.

வழியோரம் காத்தாடிக் கம்பெனி ஆட்கள் இட்லி தின்றுகொண்டிருந்தார்கள்.

"அண்ணே, காத்தாடி எல்லாம் ஏன் நிக்கி?"

"கரண்டு லைன்ல வேல மக்கா, நிறுத்திப் போட்டிருக்கு. மூஞ்சி என்னடே, பஸ்ஸுல மோதிட்டியா?"

சிரித்தார்கள். மேலே இருப்பவர்களும் நின்றுபோன காத்தாடியைத்தான் பார்ப்பார்கள். சேவியர் பறக்கத் தயாராகிவிடுவான். கூப்பிட்டுச் சொல்ல என்னிடம் போன் இல்லை. வந்த வழியே ஓடினேன்.

நான் போய்ச் சேரும்போது சிறகு எழும்பிவிட்டது. வந்தவர்களை ஏற்றாமல் முதலில் ஒரு தடவை பறந்து பார்க்கச் சேவியர் தனியாக நின்றான். "வேண்டாம்லே, போகாத!" என்று கத்தினேன். என்னைப் பார்த்ததும், "வந்தியா மக்கா? காத்தாடி நின்னுட்டுல்லா!" என்று சிரித்தான். அவன் இடுப்பு வாரைப் பாய்ந்து பிடித்தேன். அந்த நொடியே இரண்டு பேர் காலும் தரையை விட்டன.

மேலே போனது மட்டும் தெரியும். பிறகு சிறகின் ஒரு பக்கம் நொறுங்கி மடிந்தது. பாறைமேல் விழுந்தோம். சேவியரின் தொடையெலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்த இடம் மலையின் மறைவு இல்லாத இடம். மேல்காற்று சிறகை மறுபடி ஊதி, எங்களை இழுத்துக்கொண்டு ஓடியது. என் மணிக்கட்டு வாரில் சிக்கியிருந்தது. முள்ளும் கல்லும் முதுகைக் கிழித்தன. எதிரே பழைய கல்குவாரி. அதன் விளிம்பு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. சேவியர் "மாதாவே, மாதாவே" என்று அலறினான்.

"அய்யா, காத்த நிறுத்தும்! இவன விட்டுரும்!" என்று நானும் கதறினேன்.

காற்று நிற்கவில்லை. அண்ணாச்சிதான் வந்தார். அத்தனை பெரிய உடம்பு அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. சிறகின் ஓரத்தைப் பிடித்து, துணியைத் தன் வலது கையில் சுற்றிக்கொண்டு அதன்மேல் புரண்டார். கயிறுகள் விண்ணென்று இறுகின. கம்பு முறிவதைப் போல ஒரு சத்தம். அவர் கத்தினார், ஆனால் விடவில்லை. சிறகு காற்றிழந்து படுத்தது. என் கால் குவாரிக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"போனவன் போனதாவே இருக்கக் கூடாதாலே? எதுக்குலே வந்த?" என்று படுத்தபடியே திட்டினார். திட்டிக்கொண்டே அழுதார். அந்தக் கை கோணலாகத் தொங்கியது. என்னை அடித்த கை.

அன்பு மக்களே, நான் கேட்டதால் அய்யா அந்தக் கையை ஒடித்தார் என்று சொல்ல மாட்டேன். நான் ஏவினால் போய் அடிப்பதற்கு அய்யா என்ன என் ஆளா? உயிர் வேண்டும் என்று கேட்டேன், மூன்று உயிரைத் தந்தார். எந்த வழியில் தர வேண்டும் என்று நான் சொன்னதை மட்டும் அவர் கேட்கவில்லை. கஷ்டத்தில் இருப்பவர்கள் தயங்காமல் கேளுங்கள். ஆத்திரத்தோடு கேட்டாலும் கேளுங்கள். வருகிற உதவி உங்களுக்குப் பிடிக்காத ஆளின் முகத்தோடு வந்தால் விரட்டிவிடாதீர்கள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் சேவியரின் அம்மா என் கையைப் பிடித்தார். மீன் விற்கிறவர். "நான் யாவாரத்துக்குப் போவலன்னா அடுப்பு எரியாது. நீ இவனுக்குக் கூட நிப்பியா மக்கா?" என்று கேட்டார். நிற்கிறேன் என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் அண்ணாச்சி. கையில் மாவுக்கட்டு, விலாவில் முறிவு. மனைவி குவைத்தில் வேலை பார்க்கிறார். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. கரண்டியை எடுத்து ஊட்டினேன். மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்.

"ஒங்க கை ஒடியணும்னு தாங்கல்ல வேண்டினேன் அண்ணாச்சி."

அவர் விழுங்கிவிட்டு என்னையே பார்த்தார்.

"கையத்தானலே வேண்டின? வெலாவ யாருலே கேட்டா?"

சேவியர் சிரித்தான், கால் வலித்துக் கத்தினான். நர்ஸ் வந்து அதட்டினார்.

"இந்த ரெண்டு பெட்டுக்கும் கூட நிக்கிற ஆளு யாரு?"

"நான்தான் சிஸ்டர்" என்றேன்.