ஒன்பதாம் பக்கத்து நடவு

வரப்பில் குந்தி, முழங்காலில் மோவாயை ஊன்றிக்கொண்டு வயலைப் பார்க்கிறார் ஃபஹ்மிதா அக்கா. அறுபத்து நாலு வயது. எழுந்து நின்று பாருங்கள் என்றால் கோபம் வந்துவிடும். “மூணடிக்கு மேல எனக்கு ஒலகமே வேணாம் தம்பி.”

குழந்தைகளுக்குப் படப்புத்தகம் வரைகிறவர். வீடு கும்பகோணத்தில், நடவு தொடங்கினால் என் வயலில்தான் கிடப்பார். அவர் வரைய வந்த காலத்தில் படப்புத்தகம் என்றால் பனி கொட்டும், வீட்டுக்குப் புகைபோக்கி இருக்கும். இவர் பம்புசெட்டையும் தூக்குவாளியையும் போட்டார். பெரியவர்களை இடுப்போடு நிறுத்திவிட்டார். “தலை எங்கம்மா?” என்று பதிப்பாளர் கேட்டாராம். “புள்ளைங்க அண்ணாந்து பாக்கட்டும், வரும்.” இன்றைக்கு வருகிற புத்தகங்களில் பாதி அப்படித்தான் இருக்கிறது. யாரிடமிருந்து வந்தது என்று வரைகிறவர்களுக்கே தெரியாது.

அவர் பையில் ஐந்தாறு ஊறுகாய் பாட்டில். எல்லாவற்றிலும் சேறு, நிறம் பார்த்து வரைய. எனக்கு எல்லாம் ஒன்றுதான். அவர் வெயிலில் தூக்கிப் பார்த்து, “இது நேத்துத் தண்ணி வச்ச வயலு” என்பார். சரியாக இருக்கும். அதுதான் எரிச்சல்.

அப்பேர்ப்பட்டவரை இந்த வருடம் அமிர்தம் கவிழ்த்துவிட்டாள். என் வயலில் நடவு நடுகிறவள். முப்பது வருடமாக விற்கிற ‘நாத்து வந்தாச்சு’ புத்தகத்தில் ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தாள். “ஏம்மா, நட்டதையெல்லாம் மிதிச்சுக்கிட்டே போறோமே, இவரு சும்மா விடுவாரா?” என்று என்னைக் காட்டினாள்.

நடவில் பின்னால் நகர்ந்துகொண்டேதான் நடுவார்கள். நட்ட பயிர் முகத்துக்கு முன்னால் இருக்கும். படத்தில் முகத்துக்கு முன்னால் வெறும் சேறு, முதுகுக்குப் பின்னால் பச்சை.

“அட அல்லாவே” என்றவர், உடனே சென்னைக்குப் போன் போட்டார். மறுபதிப்பு அச்சுக்குப் போகிற நேரம். படத்தை மாற்றியே ஆக வேண்டும் என்றார். “பேர் வாங்கின படம்மா அது. இத்தன வருஷத்துல ஒரு புள்ளையாவது கேட்டுச்சா?” என்றார் பதிப்பாளர்.

அன்று அக்கா சோற்றைத் தொடவில்லை. தப்பைவிட அந்தக் கேள்விதான் அவரைக் குடைந்தது. “சேத்துல வளர்ற புள்ளைங்க தம்பி. பாக்கவே இல்லையா? பாத்துட்டுச் சும்மா இருந்துச்சுங்களா?” வருகிறவன் போகிறவனையெல்லாம் கேட்டார்.

மறுநாள் பரணில் தேடி, என் மகள் மாலதியின் பழைய புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்பதாம் பக்கத்தில் முன்னால் இருந்த சேற்றின்மேல் பச்சை மெழுகுக் கலரை அழுத்தித் தேய்த்திருந்தாள். பின்னால் இருந்த பயிரைக் கறுப்பால் மூடியிருந்தாள். ஆறு வயதில் செய்த வேலை.

“புஸ்தகத்தக் கிறுக்கிட்டான்னு அன்னிக்குத் தலைல ஒரு குட்டு வச்சேங்க” என்றேன்.

அக்கா மெழுகைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துச் சென்னைக்கு அனுப்பினார். ‘ஒரு புள்ள கேட்டுச்சு’ என்று மட்டும் கீழே எழுதினார்.

பிறகு வரப்பில் எழுந்து நிமிர்ந்து நின்று, எட்டி, என் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தார்.