தொழிலை மறைக்காத ஆட்டக்காரர் சவரிமுத்து

இராசிபுரத்தில் மேடையேறக் காலெடுத்து வைத்தேன். சேலம் பேருந்திலிருந்து இறங்கி ஓடிவந்த ஒருவர் என் கையைப் பற்றினார். சேலம் டென்னிஸ் மன்றத்துத் தோட்டக்காரர் பழனி. "ஐயா, நம்ம மார்க்கர் போயிட்டாருங்க. காலையில களத்துக்குக் கோடு போட்டுட்டு ஊட்டுக்குப் போனவரு, படுத்தவரு எந்திரிக்கலீங்க. அவரு ஊட்டுக்கார அக்காதான் உங்ககிட்டச் சொல்லச் சொல்லுச்சு." ஒரு மணி நேரம் முழங்க வந்தவன் அன்று கூட்டத்தாரிடம் சொன்னது இவ்வளவே: "தமிழ்நாட்டின் தலைசிறந்த டென்னிஸ் ஆட்டக்காரர் ஒருவர் இன்று சேலத்தில் மறைந்தார். அவர் பெயரை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். குற்றம் அவருடையதன்று." சொல்லிவிட்டு இறங்கினேன்.

சவரிமுத்துவோடு ஆடியவர்களே, அவர் கட்டிய மட்டையைக் கையில் பிடித்தவர்களே! உங்களில் பலருக்கு அவர் வெறும் 'மார்க்கர்'. அறியாதார்க்கும் உரைக்கிறேன். மன்றத்தில் ஊதியம் பெற்று, உருளை இழுத்துக் களத்தைச் சமன் செய்து, மட்டைகளுக்கு நரம்பு கட்டி, மாலையில் உறுப்பினர்களோடு ஆடுபவரே மார்க்கர். ஆடிப் பிழைப்பதால் அவர் தொழில்முறை ஆட்டக்காரர். ஆதலால் ஊதியமின்றி ஆடும் செல்வர்களுக்கான பெரும்போட்டிகளின் கதவு அவருக்கு அடைக்கப்பட்டிருந்தது. ஆடத் தெரிந்தவன் வேலிக்கு வெளியே. ஆடப் பழகுகிறவன் உள்ளே! இதுவே அந்நாளைய நெறி.

அவர் தொழிலின் அருமையை ஒரு மாலையில் கண்டேன். எதிரே நின்றவர் ஒரு வழக்கறிஞர். வயிறு முன்னே வரும், மட்டை பின்னே வரும். ஆயினும் பந்து அவர் மட்டையைத் தேடிச் சென்று அமர்ந்தது. ஆட்டம் முடிந்ததும் வழக்கறிஞர் வியர்வையைத் துடைத்தபடி, "பாத்தியா மார்க்கர், இன்னிக்கும் உன்னை ஓட ஓட வெரட்டிட்டேன்!" என்றார். "ஆமாங்க. இப்படியே போனா நீங்கதான் எனக்குச் சொல்லித் தரோணுங்க" என்றார் சவரிமுத்து, முகத்தில் ஒரு கோடும் அசையாமல். வழக்கறிஞர் போனபின் நான் சினந்தேன்: வேண்டுமென்றே தோற்பது ஒரு தொழிலா? "மட்டை இருக்கிற எடத்துக்குப் பந்தைக் கொண்டுபோய்க் குடுக்கிறது லேசுன்னு நெனச்சீங்களா, புலவரே? அந்த மட்டை எங்க இருக்குதுன்னு அவருக்கே தெரியாதுங்க!"

அந்தக் கைப்பழக்கமே ஒருமுறை அவர் காலை வாரிவிடப் பார்த்தது. சென்னையில் மார்க்கர்களுக்கென்றே ஒரு போட்டி நடந்தது. நானும் உடன் சென்றேன். முதல் ஆட்டத்தில் எதிரே நின்றவர் மதுரைப் பக்கத்து மார்க்கர். இவர் அடித்த பந்து நேரே அவர் மட்டைக்குப் போயிற்று. அவர் அடித்தது நேரே இவர் மட்டைக்கு வந்தது. இருவரும் ஆண்டாண்டாய் உறுப்பினர்களுக்கு ஊட்டிவிட்ட கைகள்! பந்து போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்ததே தவிர, புள்ளி பிறக்கவில்லை. கூட்டம் சிரித்தது. நடுவர் நாற்காலியிலிருந்தே, "யாராவது ஒருத்தர் ஜெயிங்கப்பா!" என்று கத்தினார். சவரிமுத்து பந்தைக் கையில் பிடித்து நிறுத்திவிட்டு, வலையருகே சென்றார். "அண்ணே, இங்க மெம்பர் யாரும் இல்லீங்க. நாம ஆடலாமுங்க."

அதன்பின் ஆடினார்களே, அதுவன்றோ ஆட்டம்! மட்டை இருக்குமிடத்தைத் துல்லியமாய் அறிந்த கை, மட்டை இல்லாத இடத்தையும் அறிந்திருந்தது. மூலைக்கு மூலை பந்து பாய்ந்தது. அவ்வாண்டு இறுதியாட்டத்தில் தோற்றார். அடுத்த ஆண்டு கோப்பையோடு திரும்பினார். செய்தித்தாளில் ஒரு வரியும் வரவில்லை. தொடர்வண்டியில் என்னிடம் மெல்லச் சொன்னார்: "பெரிய போட்டி நடக்கிற அந்தப் புல்தரையை வேலி வழியாப் பாத்தேனுங்க. ஒரே ஒருக்கா அதுல எம் பேரோட ஆடோணும்."

அந்த ஆசைக்கு வழியும் வந்தது. அவர் ஆட்டத்தைக் கண்ட ஆலை முதலாளி ஒருவர், தம் ஆலையில் எழுத்தராய் அவர் பெயரைப் பதிந்துகொள்வதாகச் சொன்னார். மட்டையால் தாம் என்றும் பிழைத்ததில்லை என்று சவரிமுத்து எழுதிக் கையொப்பமிட்டால் போதும், கதவு திறக்கும். அகவையோ முப்பத்தைந்தைக் கடந்துவிட்டது. இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளே கால்கள் ஓடும். அந்த மடலை எழுதித் தந்தவன் நானே. என் தமிழின் திறமெல்லாம் அதில் கொட்டினேன்.

களத்து உருளைமீது அமர்ந்து இருமுறை படித்தார். "யாரு எழுதுனதுங்க?"

"நான்தான்."

"அதானே பாத்தேன். கல்யாணப் பத்திரிகையாட்டம் ஜோரா இருக்குது. மாப்பிள்ளையைத்தான் காணோம்!"

நான் கொதித்தெழுந்தேன். முறைகேடான சட்டத்தை முறிக்க ஒரு சிறு பொய் குற்றமாகுமா என்று கேட்டேன். உம் ஆட்டத்தை நாடு காண வேண்டாமா என்று கேட்டேன். என் எழுதுகோலை வாங்கினார். பெயரின் முதலெழுத்தை எழுதினார். நிறுத்தினார். நெடுநேரம் அந்த ஓரெழுத்தையே பார்த்திருந்தார்.

"முடியலீங்க, புலவரே. இந்த மட்டை போட்ட சோத்தைத்தான் எம் புள்ளைங்க தின்னுதுங்க. இதைத் தெரியாதுன்னு எழுதிப்போட்டு, நாளைக்கு எந்த மூஞ்சியோட இதைப் பிடிக்கிறது? கூலிக்கு ஆடுறவனே வான்னு கூப்பிட்டா வாரேன். இல்லாட்டி வரலீங்க."

அழைப்பு வரவில்லை. அந்தப் புல்லை அவர் மிதிக்கவேயில்லை. மார்க்கர் கோப்பையை மட்டும் மீண்டும் வென்றார். சென்ற ஆண்டு, வெளிநாட்டில் கூலிக்கு ஆடுவோரும் கூலியின்றி ஆடுவோரும் ஒரே களத்தில் ஆடலாமென்று முடிவான செய்தியைப் படித்துக் காட்டினேன். "தொறந்துட்டாங்களா? நல்லதுங்க. எனக்கு முட்டி போச்சு. இனி வர்றவனாச்சும் நேரா உள்ளே போகட்டும்" என்றார். அந்தக் குரலில் கசப்பில்லை. ஏமாற்றம் இருந்தது, அதை நான் மறைக்க மாட்டேன்.

அடக்கத்துக்குமுன் பங்குக் கோயிலில், பாதிரியாருக்கு உதவும் உபதேசியார் இறந்தோர் ஏட்டை விரித்துப் பெயரும் அகவையும் எழுதினார். "தொழில்?" என்று கேட்டார். பின்னாலிருந்து யாரோ, "கிளப்புல வேலைன்னு போடுங்க" என்றார்கள். சவரிமுத்துவின் மனைவி திரேசம்மாள் முந்தானையால் முகம் துடைத்து நிமிர்ந்தார். "டென்னிஸ் ஆடுறதுங்க. சம்பளத்துக்கு."

உபதேசியார் தயங்கினார். "அப்படியே எழுதோணுங்களா?"

"அப்படியே எழுதுங்க. அவரு அப்படித்தான் சொல்லுவாரு."

எழுதினார். ஆட்டக்காரர் என்று அவரை ஒப்புக்கொண்ட முதல் ஏடு அதுவாகத்தான் இருக்கும். அருகில் நின்ற என் நெஞ்சு நிமிர்ந்தது, தலை தாழ்ந்தது. சொல்லை அடுக்கத் தெரிந்தவன் நான். பொய்யென்று கண்டால் ஓரெழுத்தோடு நிறுத்தும் ஆண்மையை எனக்குக் காட்டியவர் அவர். சவரிமுத்துவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது ஒன்றே.