பஞ்சுவின் காலில் கறுப்புக் கயிறு

நன்னிலத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரம் இருக்கும் துரைராசு வீட்டில் ஏசி ஓடுகிற அறை ஒன்றே ஒன்றுதான். அதில் குடியிருப்பது ஓர் எலி.

எலி என்று துரைராசுவின் மனைவி தங்கமணி சொன்னால், அவள் ஓரகத்தி வானதிக்கு முகம் சுருங்கிவிடும். “எலி இல்லக்கா, சின்சில்லா” என்று திருத்துவாள். வட்டக் காது, அணிலுக்கு இருப்பதுபோல் வால், உடம்பெல்லாம் சாம்பல் நிறத்தில் விரல் புதையும் ரோமம். வைத்த பெயரும் பஞ்சுதான். துரைராசுவின் தம்பி பரணிதரன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். மனைவி வானதியை ஊரில் விட்டுப்போகிற குறைக்கு ஈடாக, சென்னையில் ஒரு கடையில் அதை வாங்கிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினான். குளிர்மலையில் பிறந்த சாதியாம். நம் ஊர் வெயில் ஒரு மத்தியானம் பட்டால் போதும், சுருண்டுவிடுமாம். அதனால்தான் ஏசி.

கொல்லையில் வைக்கோல் போர் மலைபோல நிற்கிறது. பஞ்சுவுக்கோ காய்ந்த புல் பார்சலில் வரும். பார்சல்காரனிடம் கையெழுத்துப் போட்டு வாங்குவது தங்கமணி. கூண்டைத் துடைப்பது, தண்ணீர் மாற்றுவது, கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போட ஓடுவது எல்லாம் அவள்தான். அந்த அறைக்குள் நுழைந்தால் வேர்வை அடங்கும். வேலை முடிந்ததும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும், குளிர் வீணாகுமே.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாமல் போனது துரைராசுவால்தான். அவர் பேச்சைக் காசுபோல எண்ணிச் செலவழிக்கிற மனிதர். கல்யாணமான நாள் முதல் தங்கமணியை ‘இந்தா’ என்றுதான் கூப்பிட்டு வருகிறார். அப்படிப்பட்டவர் ஒரு சாயங்காலம் வயலிலிருந்து வந்து, கால் கழுவி, கூண்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “சாப்ட்டியாடா? என் ராசா, சாப்ட்டியா?” என்று கேட்பதைக் கதவிடுக்கு வழியாக அவள் பார்த்துவிட்டாள். அன்றைய ரசத்தில் உப்பு இரண்டு மடங்கு விழுந்தது. அவர் அதையும் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள், வானதி பஞ்சுவை மடியில் வைத்துச் சீவிக்கொண்டிருந்தபோது தங்கமணிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “என்னமா கொழுகொழுன்னு இருக்கு! குடுத்து வச்ச ஜென்மம்” என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் பஞ்சுவின் பின்னங்காலில் மெல்லிய கறுப்புக் கயிறு ஏறியிருந்தது.

கைக்குழந்தைக்கு, கறவை மாட்டுக்கு, புது டிராக்டருக்குக் கறுப்புக் கயிறு கட்டுகிற ஊர்தான். வானதி எதுவும் சொல்லவில்லை, தங்கமணியும் கேட்கவில்லை. ஆனால் முதல் நாள் வாயைத் திறந்தது யார், மறுநாள் முடிச்சுப் போட்டது யார் என்பது இருவருக்கும் தெரியும். அந்த அறைக்குள் வேறு யார் கண் போகிறது? கூண்டைத் துடைக்கும்போதெல்லாம் அந்தக் கயிறு தங்கமணியின் கண்ணில் படும். தன் கண்ணுக்காகக் கட்டியது தன் கண்ணிலேயே பட்டுக்கொண்டிருந்தது அவளுக்கு ஆறவில்லை. நாளாக ஆக ரோமம் அதை மூடிக்கொண்டது.

புரட்டாசியில் வானதி தன் தம்பி கல்யாணத்துக்காக மன்னார்குடிக்குப் போனாள். “அக்கா, பஞ்சுவ நீங்கதான் பாத்துக்கணும்” என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

குறுவை அறுப்புக்கு மெஷின் வருகிற நாள் அன்று. துரைராசு விடிந்ததும் வயலுக்குப் போய்விட்டார். தங்கமணி தண்ணீர் மாற்ற அறைக்குள் போனபோது பஞ்சு கூண்டின் மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. புல் வைத்தது வைத்தபடி இருந்தது. பின்னங்காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கி வைத்திருந்தது.

அவள் அதை மெல்ல எடுத்து ரோமத்தை விலக்கினாள். பாதம் வீங்கிக் கருஞ்சிவப்பாகியிருந்தது. அதற்கு மேலே கயிறு சதைக்குள் புதைந்து, முடிச்சு மட்டும் வெளியே தெரிந்தது. பல்லால் இழுத்து இழுத்து அதுவே இறுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

‘நல்லா வேணும்’ என்று முதலில் தோன்றியது. யாருக்கு என்று அவள் யோசிக்கவில்லை. அதைக் கூண்டில் விட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மாட்டுக் கொட்டிலைக் கூட்டப் போனாள். வானதி கட்டிய கயிறு, வானதியே வந்து பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் பாதிக் கொட்டிலில் விளக்குமாறு நின்றது. இதன் கால் போய்விட்டால் கயிற்றையா சொல்வார்கள்? கயிறு கட்டியும் தாங்காத கண் என்றுதான் சொல்வார்கள். மன்னார்குடி வரை சொல்வார்கள். வீட்டுக்கு மருமகள் வரும் காலத்திலும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் எதிரே வரத் தயங்குவார்கள்.

அப்புறம் இன்னொன்றும் இருந்தது. போன வருடம் சம்பா நடவில் நத்தை ஓடு குத்தி அவள் குதிகால் பழுத்தது. அந்த விண்விண் என்ற வலி அவளுக்குத் தெரியும்.

திரும்பி வந்து, நகம் வெட்டுகிற சின்னக் கத்தரியால் கயிற்றை நறுக்கப் பார்த்தாள். பஞ்சு கீச்சிட்டுத் துள்ளியது. பிடித்த இடத்து ரோமம் கொத்தாக அவள் கையோடு வந்துவிட்டது. கத்தரியைக் கீழே போட்டாள். போனை எடுத்துத் துரைராசுவைக் கூப்பிட்டாள்.

“என்னங்க, பஞ்சுவுக்குக் கால் வீங்கிக் கெடக்கு. ஊன முடியல.”

“என்னது?” பின்னால் மெஷின் இரைந்தது. “இரு, இரு. நான் வர்றேன்.”

“மெஷின் வந்துட்டுல்ல?”

“மெஷின் கெடக்கு!”

மெஷினைப் பக்கத்து வயல்காரர் பொறுப்பில் விட்டுவிட்டுப் பைக்கில் பறந்து வந்தார். தங்கமணி வாசலில் நின்று பார்த்தாள். அவள் குதிகால் பழுத்தபோதும் நடவு ஆட்கள் வயலில் நின்றார்கள். “நடவப் போட்டுட்டு எங்க வர்றது? நீ பஸ்ஸுல போயி காட்டிட்டு வந்துடு” என்றார். நிற்க இடமில்லாத பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றபடி அவள் திருவாரூர் போய் வந்தாள்.

கால்நடை மருந்தகத்து டாக்டர் மாடுகளுக்குக் கோமாரி நோய்த் தடுப்பூசி போடக் கிராமத்துக்குப் போயிருந்தார். போனில் விவரம் கேட்டுவிட்டு, “மாடு, ஆடுன்னா நானே வந்துடுவேன். இதுக்கு நான் கை வைக்கிறது சரியில்லங்க. தஞ்சாவூர்ல முயலு, கிளி எல்லாம் பாக்குற டாக்டரம்மா இருக்காங்க. வெயில் படாம கொண்டு போங்க” என்று நம்பர் கொடுத்தார்.

துரைராசு வாடகைக் கார் ஓட்டும் ஃபாஜிலுக்குச் சொன்னார். பிரிட்ஜில் உறைந்திருந்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி, சின்னக் கூண்டுக்குள் ஓரமாக வைத்தது தங்கமணி. கயிற்றைப் பற்றி மட்டும் அவள் வாய் திறக்கவில்லை. சொன்னால் யார் கட்டியது என்று வரும், அதன் பின்னாலேயே எதற்குக் கட்டியது என்றும் வரும்.

“அண்ணே, மாப்பிள்ள அழைப்புக்குக்கூட இவ்ளோ கூலா ஏசி போட்டதில்ல. எலிக்குப் போடுறேன்” என்றான் ஃபாஜில்.

“எலி இல்லப்பா, சின்சில்லா” என்றார் துரைராசு.

தங்கமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளை திருச்சியில் என்ன படிக்கிறான் என்று யாராவது கேட்டால், ‘என்னமோ கம்ப்யூட்டருதான்’ என்பவர் இவர். இந்தப் பெயர் மட்டும் எழுத்துப் பிசகாமல் வாயில் வருகிறது.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டி மாட்டிக்கொண்டது. ஃபாஜில் இஞ்சினை அணைக்கவில்லை. துரைராசு கூண்டின் மேல் கையை வைத்து, “அவ்ளோதான்டா, வந்துட்டோம்” என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். குளிர்காற்று தங்கமணியின் முகத்திலும் அடித்தது. சுகமாகத்தான் இருந்தது. அது வேறு எரிச்சலாக இருந்தது.

தஞ்சாவூர் கிளினிக்கில் டாக்டர் ஷோபனா சின்ன வயதுப் பெண். முதலில் பஞ்சுவுக்கு மயக்க மருந்து கொடுத்து அடங்கவைத்தாள். விளக்கை இழுத்து, ரோமத்தைப் பிரித்துப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

“கயிறு கட்டியிருக்கீங்களா?”

“கயிறா?” என்றார் துரைராசு.

ஷோபனா வளைந்த நுனி உள்ள ஒரு கருவியை உள்ளே விட்டு, கயிற்றை மயிர் இழைபோல் தூக்கி நறுக்கினாள். ரத்தமும் சீழுமாகக் கயிறு வெள்ளைத் துணியில் வந்து விழுந்தது. “ரத்த ஓட்டமே நின்னுருக்கும். நல்லவேளை இன்னைக்கே கொண்டு வந்தீங்க. பாதம் தப்பிச்சிடும். ஒரு விரல் மட்டும் கறுத்திருக்கு, அது நிக்குமான்னு நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் சொல்ல முடியும். யாரு கட்டுனது இத?”

துரைராசு மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வியே இல்லை. “ஒனக்கு எதுக்கு இந்த வேலயெல்லாம்? வாயில்லா ஜீவனுக்குப் போயி...”

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு மருந்து தடவினாள். ‘நான் கட்டவில்லை’ என்று தங்கமணி ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு அது நிற்காது.

அந்த நேரம் பார்த்துத் துரைராசுவின் போனில் வானதி வந்தாள். வீடியோ கால். கல்யாண வீட்டு மேளச் சத்தம், தலைநிறையப் பூ, கண்ணில் தண்ணீர். ஃபாஜில் மூலம் செய்தி எப்படியோ போயிருந்தது.

“மாமா, பஞ்சுவுக்கு என்ன ஆச்சு? நல்லாத்தானே விட்டுட்டு வந்தேன்! யாரு கண்ணு பட்டுச்சோ...”

தங்கமணி கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

“யாரு கண்ணுன்னு ஒனக்குத் தெரியாதா வானதி?”

வானதி முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

“என் கண்ணுன்னு நெனச்சுத்தானே ஆவணியில கயிறு கட்டுன? பொறாம இருந்துச்சு, இல்லங்கல. இப்பவும் இருக்கு. ஆனா கண்ணு ஒண்ணும் பண்ணலடி. ஒன் கயிறுதான் பண்ணியிருக்கு. டாக்டரம்மா அறுத்து வச்சிருக்காங்க, பாரு.” கேமராவைக் கயிறு கிடந்த துணிப் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

பிறகு வானதி மெல்லிய குரலில், “அக்கா... பஞ்சு பொழைச்சிடும்ல?” என்றாள்.

“பொழைச்சிடும். நீ போயி கல்யாணத்தப் பாரு.”

போனைத் திருப்பிக் கொடுத்தபோது துரைராசு அதைச் சட்டைப் பையில் வைக்க இரண்டு முறை தடுமாறினார்.

“தண்ணி படக்கூடாது. இது மண்ணுல புரண்டுதான் குளிக்கும், புண் ஆறுற வரைக்கும் அப்படிப் புரள விடாதீங்க” என்று ஷோபனா சொல்லத் தொடங்கினாள். “கூண்டுக்குள்ள மெத்துனு துணி போடுங்க. கட்டுப் போட்டா கடிச்சுப் பிச்சுடும், அதனால திறந்தேதான் இருக்கணும். புண்ணையும் கடிக்கப் பாக்கும். யாராவது ஒருத்தர் அந்த ரூம்லயே இருந்து பாத்துக்கணும். ஒருத்தர்தான், கூட்டம் கூடாது. ஏசிய நிறுத்தாதீங்க.”

திரும்புகிற வழியில் துரைராசு கூண்டை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். அறுத்த குறுவை நெல்லைச் சாலை ஓரத்தில் காயப்போட்டிருந்த இடத்தில் ஃபாஜில் வண்டியை ஒதுக்கி மெதுவாக ஓட்டினான். அப்போதுதான் அவர் தொண்டையைச் செருமினார்.

“ஒன் காலு... இப்ப எப்படியிருக்கு?”

“எந்தக் காலு?”

“அதான், அந்தக் குதிகாலு.”

“அது போன வருசம்” என்றாள் தங்கமணி.

ஃபாஜில் கண்ணாடியில் பார்த்துவிட்டு, சட்டென்று சாலையைப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சுவைப் பழைய வேட்டித் துணி விரித்த கூண்டில் விட்டார்கள். தங்கமணி போய்க் குளித்துவிட்டுத் தன் பாயையும் தலையணையையும் எடுத்து வந்தாள். ஏசி அறை வாசலில் துரைராசு நின்றுகொண்டிருந்தார்.

“நான் வேணா இருக்கேன். நீ போயி படுத்துக்க.”

“நீங்க போயி மெஷின்காரனப் பாருங்க. ஒருத்தர்தான் இருக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க.”

“கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போறேனே.”

“குளிரு வெளிய போவுது” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

பாயை விரித்து, வெடிப்பு விட்ட குதிகாலைக் காற்று வருகிற பக்கமாக நீட்டிப் படுத்தாள். பஞ்சு தன் காலை நக்கப் போனது. கம்பியை விரலால் தட்டினாள். அது நிமிர்ந்து பார்த்தது.

“கடிக்காத. எனக்கெல்லாம் யாரு உக்காந்து பாத்தா?” என்றாள். கொஞ்சம் பொறுத்து, வெளியே காலடி கேட்கிறதா என்று காது கொடுத்துவிட்டு, “சாப்ட்டியா?” என்று கேட்டாள்.

பஞ்சு ஒரு புல்லை இரண்டு கையாலும் பிடித்து நொறுக்கத் தொடங்கியது. கதவுக்கு அந்தப் பக்கம் துரைராசு இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். தங்கமணி எழுந்து திறக்கவில்லை.